ஐந்தாம் பாகத்தில் அந்தத் திசைகாட்டிக்கு என்ன நேர்ந்தது?

கேள்வி: நங்கூரம்

வணக்கம் நண்பர்களே.

கடற்கொள்ளையர் கதையான 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' வரிசையின் ஐந்து படங்களையும் சென்ற வாரம் முதலிலிருந்து மறுபடியும் பார்த்து முடித்தேன். ஐந்தாவது படமான 'டெட் மென் டெல் நோ டேல்ஸ்' 2017இல் வெளிவந்தபோது, திரையரங்கிலிருந்து ஒரு மனக்குறையோடு வெளியே வந்தது நினைவிருக்கிறது. அந்தக் குறை என்னவென்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான்காம் பாகத்துக்குப் பிறகு ஆறு ஆண்டுகள் காத்திருந்ததால் எதிர்பார்ப்பு கூடிப்போயிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இப்போது ஐந்தையும் ஒரே வாரத்தில் பார்த்ததில், குறை படத்திலேயே இருக்கிறது என்று உறுதியாகத் தோன்றுகிறது. நாயகனான கொள்ளையன் ஜாக் ஸ்பாரோவின் இடுப்பில் தொங்கும் அந்தத் திசைகாட்டி ஒன்றை மட்டும் வைத்தே அதை விளக்கிவிடலாம் என்றும் நினைக்கிறேன்.

2003இல் வந்த முதல் பாகத்தில் அது கேலிக்குரிய பொருளாகத்தான் அறிமுகமாகிறது. போர்ட் ராயல் துறைமுகத்தில் ஜாக்கைப் பிடித்தவுடன் கடற்படை அதிகாரி நாரிங்டன் அவனுடைய உடைமைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறான். உள்ளிருக்கும் ஒரு குண்டைத் தவிர வேறு குண்டோ மருந்தோ இல்லாத ஒரு கைத்துப்பாக்கி, வடக்கைக் காட்டாத ஒரு திசைகாட்டி, ஒரு வாள். இவனைப் போன்ற மட்டமான கொள்ளையனைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லிவிடுகிறான். ஆனால் படம் முடிவதற்குள், அந்த ஒற்றைக் குண்டு எதற்காகப் பத்து ஆண்டுகள் பத்திரப்படுத்தப்பட்டது என்பது விளங்கிவிடுகிறது. வடக்கைக் காட்டாத முள்ளோ, வேறு எவராலும் கண்டுபிடிக்க முடியாத இஸ்லா டி முயர்த்தா தீவுக்குக் கப்பலைக் கொண்டுசேர்த்துவிடுகிறது. சிரித்துவிட்டு மறந்துபோன பொருள்கள் பின்னால் திரும்பி வந்து கதையைத் தாங்கும் அந்த அழகுக்காகவே நான் இந்த வரிசையின் ரசிகன் ஆனேன்.

2006இல் வந்த இரண்டாம் பாகம் ஒரு படி மேலே போனது. யார் கையில் இருக்கிறதோ அவருடைய உள்ளம் எதை மிகவும் விரும்புகிறதோ, அதன் திசையைத்தான் முள் காட்டும் என்ற விதி அங்கேதான் சொல்லப்படுகிறது. இந்த ஒரு விதியிலிருந்து எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள். ஜாக்கின் கையில் முள் நிலைகொள்ளாமல் சுற்றுகிறது. தனக்கு என்ன வேண்டும் என்பது அவனுக்கே தெளிவாக இல்லை என்பதையும், அதை மாலுமிகளிடம் காட்டிக்கொள்ள அவன் அஞ்சுகிறான் என்பதையும் நாம் புரிந்துகொள்கிறோம். பிறகு பிளாக் பேர்ல் கப்பலின் தளத்தில் ஆளுநரின் மகள் எலிசபெத் அதைத் திறந்து பார்க்கும்போது முள் ஜாக்கின் பக்கம் திரும்பி நிற்கிறது. வில் என்ற இளைஞனை மணக்கவிருந்தவள் அவள், அவனைக் காப்பாற்றத்தான் கடலுக்கே வந்தவள். அந்த முள்ளைப் பார்த்ததும் அவள் முகம் மாறுவதை நாம் காண்கிறோம். ஒரு பெண் தன் மனத்தைத் தானே கண்டு திடுக்கிடும் தருணத்தை, ஒரு சின்னப் பெட்டிக்குள் ஆடும் முள்ளை வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது ஐந்தாம் பாகத்துக்கு வருகிறேன். இந்தத் திசைகாட்டிக்குத் துரோகம் செய்தால், நீ மிகவும் அஞ்சும் ஒன்றை அது விடுவித்துவிடும் என்று ஒரு புதிய விதி முளைக்கிறது. புனித மார்ட்டின் தீவின் மதுக்கடையில் ஜாக் ஒரு புட்டி மதுவுக்காக அதைக் கொடுத்துவிடுகிறான். உடனே எங்கோ தொலைவில், சாத்தானின் முக்கோணம் என்ற கடற்பகுதியில் அடைபட்டுக் கிடந்த, ஜாக்கின் பழைய எதிரி கேப்டன் சலசார் விடுதலை ஆகிறான். ஆனால் மூன்றாம் பாகத்தில் ஜாக் தன் கையாலேயே அதை வில்லிடம் கொடுத்து அவனைக் கடலில் தள்ளிவிட்டான். அது பரம எதிரியான பெக்கெட்டின் கைக்கே போய்ச் சேர்ந்தது. நான்காம் பாகத்தில் அது அவனுடைய நெடுநாள் துணைவன் கிப்ஸிடம் போனது. அப்போதெல்லாம் சலசார் ஏன் வெளியே வரவில்லை? சூனியக்காரி தியா டால்மாவிடம் பண்டமாற்றாகப் பெற்றது என்று இரண்டாம் பாகம் சொன்ன திசைகாட்டி, இறக்கும் தறுவாயில் ஒரு கேப்டன் இளம் ஜாக்கின் கையில் கொடுத்த பொருளாக ஐந்தாம் பாகத்தில் மாறியது எப்படி?

படத்துக்குப் படம் சிறு முரண்கள் வருவது இயல்பு என்பதை நான் அறிவேன். என்னை வருத்துவது, பழைய விதி மனிதர்களின் மனத்தைத் திறந்து காட்டியது, புதிய விதி ஒரு சிறைக் கதவை மட்டுமே திறக்கிறது என்பதுதான். இதற்கு ஏற்கத்தக்க விளக்கம் ஏதேனும் உண்டா? எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா?

பதில்: பாய்மரம்

நண்பரே, உங்களுக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. ஆனால் நோய் திசைகாட்டியில் தொடங்கவில்லை என்பது என் எண்ணம். அதைச் சுமப்பவனையே ஐந்தாம் பாகம் மாற்றிவிட்டது; அவன் மாறியபோது அவனுடைய பொருளும் சேர்ந்து மாறிவிட்டது.

முதல் பாகத்தில் ஜாக் வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பாய்மரத்தின் உச்சியில் ஒரு பேரரசனைப் போல நிற்கிறான். கீழே பார்த்தால் அது தண்ணீர் ஏறி மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் படகு. தூக்கில் தொங்கும் கொள்ளையர்களின் எலும்புக்கூடுகளைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்து மரியாதை செய்கிறான். படகு முழுவதும் மூழ்கும் அதே நொடியில் அவன் கால் துறைமுகப் பலகையில் படுகிறது. துறைமுகக் கணக்கர் படகுக்குரிய கட்டணத்தையும் பெயரையும் கேட்கிறார். ஒரு ஷில்லிங் கேட்டவரிடம் மூன்றை நீட்டி, பெயரை மறந்துவிடலாமே என்கிறான். அவர் ஒப்புக்கொண்டு நகர்ந்ததும், அவருடைய மேசையிலிருந்த பணப்பையை எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறான். இரண்டு நிமிடங்களுக்குள் அவன் யார் என்பது முழுமையாக நமக்குத் தெரிந்துவிடுகிறது. தள்ளாடும் நடையும் குழறும் பேச்சும் ஒரு திரை. திரைக்குப் பின்னால் எப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு மூளை இருக்கிறது. அந்தப் படத்துக்காக ஜானி டெப் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது இந்த இரண்டு அடுக்குகளையும் ஒரே உடலில் காட்டியதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

அதே படத்தின் இறுதிச் சண்டையில், எடுத்தவரை நிலவொளியில் எலும்புக்கூடாக்கும் சாபக்காசுகள் நிறைந்த பெட்டிக்குள் கையைவிட்டு ஒரு காசை விரலிடுக்கில் அவன் ஒளித்துக்கொண்டது எதிரிக் கொள்ளையன் பார்போஸாவுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வாள் அவன் மார்பில் பாய்ந்த பிறகு, நிலவொளியில் அவன் கை எலும்பாக மாறும்போதுதான் தெரிகிறது. எதிரியும் பார்வையாளரும் சேர்ந்து ஏமாறும் அந்த இடத்தில் நாம் ஏமாற்றப்பட்டதை எண்ணி மகிழ்ந்தோம்.

ஐந்தாம் பாகத்தில் அவன் வங்கியின் பெட்டகத்துக்குள் உண்மையாகவே குடிபோதையில் உறங்கிக்கொண்டிருக்கிறான். குதிரைகள் அந்த வங்கிக் கட்டடத்தையே அடியோடு பெயர்த்துத் தெருத் தெருவாக இழுத்துப் போகின்றன. பார்க்க ஆரவாரமான காட்சிதான். ஆனால் வழியெல்லாம் பொற்காசுகள் சிதறிப்போய்க் கடைசியில் வெறும் பெட்டகம் மிஞ்சுவதில் ஜாக்கின் அறிவுக்கு எந்தப் பங்கும் இல்லை. பிறகு கில்லட்டினில் கழுத்தை வைத்து, பலகையோடு சேர்ந்து சுழன்று, கத்தி கழுத்தருகே வருவதும் விலகுவதுமாக ஒரு காட்சி. அதிலும் அவன் செய்வது ஒன்றும் இல்லை, தப்பிப்பது குருட்டு யோகத்தால்தான். முதல் படத்தில் போதை என்பது அவன் அணிந்த வேடம், ஐந்தாம் படத்தில் அதுவே அவனுடைய இயல்பு. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வரலாற்றுப் பிழைகளை நான் பொருட்படுத்துவதில்லை. கில்லட்டின் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது 1792இல், பாரிஸில். நான்காம் பாகத்தில் கருந்தாடிக் கொள்ளையன் பிளாக்பியர்டும் மன்னர் இரண்டாம் ஜார்ஜும் ஒரே காலத்தில் வருகிறார்கள். உண்மையான பிளாக்பியர்ட் 1718 நவம்பரில் வட கரோலினாவின் ஒக்ரகோக் தீவருகே நடந்த சண்டையில் கொல்லப்பட்டான், இரண்டாம் ஜார்ஜ் அரியணை ஏறியது 1727இல். இவற்றால் கதைக்கு ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் வரலாறு சொல்வதாக இந்தப் படங்கள் ஒருபோதும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் தன் உலகத்தின் விதிகளைத் தானே மதிப்பேன் என்ற வாக்கை முதல் படம் கொடுத்தது, நாமும் அதை நம்பி ஏற்றுக்கொண்டோம்.

இளம் ஜாக் சலசாரை ஏமாற்றும் முன்கதைக் காட்சியை மட்டும் நான் விதிவிலக்காகச் சொல்வேன். முழு வேகத்தில் வரும் கப்பலைக் கயிறுகளைப் பாறைகளில் மாட்டிச் சட்டென்று திருப்பி, பின்னால் துரத்தி வந்த பெரிய போர்க்கப்பலை முக்கோணத்துக்குள் போகவிடுகிறான். முதல் பாகத்தில் இன்டர்செப்டர் கப்பலை நங்கூரத்தை இறக்கித் திருப்பிய காட்சியின் எதிரொலி அதில் இருக்கிறது. படம் முழுவதிலும் ஜாக் சிந்தித்துச் செயல்படுவதாக நான் உணர்ந்தது அந்தச் சில நிமிடங்களில்தான்.

பதில்: சுக்கான்

மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன். நான் ஐந்தாம் பாகத்தை விரும்பிப் பார்த்தவர்களில் ஒருவன், திசைகாட்டிப் புதிருக்கு விளக்கம் உண்டு என்று நினைப்பவனும்கூட.

கொடுப்பது வேறு, கைவிடுவது வேறு. மூன்றாம் பாகத்தில் ஜாக் திசைகாட்டியை வில்லிடம் கொடுத்தது ஒரு திட்டத்தின் பகுதி. பெக்கெட்டின் கப்பல்கள் தங்களைத் தேடி வர வேண்டும் என்பதற்காகவே அதைக் கொடுத்தான்; அது திரும்பி வரும் என்றும் அவனுக்குத் தெரியும். நான்காம் பாகத்தில் கிப்ஸுக்குக் கொடுத்ததும் அப்படித்தான். அதை வைத்துத்தான் கிப்ஸ் பிளாக்பியர்டின் கப்பலைக் கண்டுபிடித்து, புட்டிக்குள் அடைபட்ட பிளாக் பேர்லை மீட்டு வருகிறான். இரண்டாம் பாகத்தில் எலிசபெத்தின் கையில் கொடுத்தது, அவளுடைய விருப்பத்தைக் கொண்டு சபிக்கப்பட்ட கப்பல் தலைவன் டேவி ஜோன்ஸின் பெட்டியைக் கண்டுபிடிக்க. இந்த மூன்று முறையும் அவன் திசைகாட்டியை நம்பித்தான் கொடுத்தான்.

ஐந்தாம் பாகத்தின் மதுக்கடையில் நடப்பது வேறு. கொள்ளை தோற்றுவிட்டது, கூட வந்த மாலுமிகளும் விட்டுப் போய்விட்டார்கள், கப்பல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்த நிலையில் ஒரு புட்டிக்காக அதைத் தள்ளிவிடும்போது, இனி எனக்கு விரும்புவதற்கு எதுவும் இல்லை என்று அவன் ஒப்புக்கொள்கிறான். விரும்பியதைக் காட்டும் கருவிக்கு அதைவிடப் பெரிய துரோகம் என்ன இருக்க முடியும்? 'பாய்மரம்' அவர்கள் அவன் இழிந்துபோனதைக் குறையாகச் சொல்கிறார். அந்த இழிவுதான் கதையின் தொடக்கப்புள்ளி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தியா டால்மாவைப் பற்றிய முரணுக்கு என்னிடம் இவ்வளவு உறுதியான பதில் இல்லை. ஜாக் இளமையில் பெற்றதை இடையில் இழந்து, பின்னர் அவளிடமிருந்து பண்டமாற்றாக மீட்டிருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே.

பதில்: நங்கூரம்

'சுக்கான்' அவர்களுக்கு நன்றி. கொடுப்பதற்கும் கைவிடுவதற்கும் நீங்கள் காட்டிய வேறுபாடு அழகானது, அதை நான் இதுவரை யோசித்ததே இல்லை. ஆனாலும் அது நீங்கள் கட்டிய கட்டடம், படம் கட்டியது இல்லை என்ற எண்ணமே எனக்கு மிஞ்சுகிறது. நீங்கள் சொன்னதுதான் திரைக்கதையின் கருத்து என்றால், அந்த மதுக்கடைக் காட்சி படத்தின் மிகக் கனமான காட்சியாக இருந்திருக்க வேண்டும். தன்னிடம் மிஞ்சிய கடைசிப் பொருளை ஒருவன் மேசைமேல் வைக்கிறான். அந்த நேரத்தில் அவன் எதை விரும்பினான், அல்லது எதையும் விரும்பவில்லை என்பதை அந்த முள்ளைக் கொண்டே சொல்லியிருக்கலாம். படமோ அவசர அவசரமாக அந்த இடத்தைக் கடந்து சலசாரின் சிறை உடைவதைக் காட்ட ஓடிவிடுகிறது. ஊகத்துக்கு இடம்விடுவது நல்ல கதை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இங்கே கதை விட்டுச்சென்ற ஓட்டையை நாம்தான் ஊகத்தால் அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

பதில்: கடல்நுரை

இந்த விவாதத்தில் எல்லோரும் கதையைப் பற்றியே பேசுகிறீர்கள். என் ஏமாற்றம் கடலைப் பற்றியது.

முதல் பாகத்தில் இன்டர்செப்டராக நடித்தது லேடி வாஷிங்டன் என்ற உண்மையான பாய்மரக் கப்பல். பழைய கப்பல் ஒன்றின் அமைப்பிலேயே பிற்காலத்தில் கட்டப்பட்டு, இன்றும் பாய்விரித்து ஓடும் கப்பல் அது. இரண்டாம் பாகத்துக்காக பிளாக் பேர்லையும் தண்ணீரில் மிதந்து ஓடும் கப்பலாகவே அமைத்தார்கள். கயிறு இழுபடும்போது மரம் முனகுவது, பாய் காற்றில் புடைக்கும்போது தளம் சாய்வது, நடிகர்கள் கண்ணைக் கூசும் வெயிலில் நின்று பேசுவது ஆகியவை நமக்குத் தெரியாமலே நம் நம்பிக்கையைச் சம்பாதித்துவிடுகின்றன. அந்த நம்பிக்கை கைவசம் இருந்ததால்தான் கடல் பூதமான கிராக்கன் கப்பலைச் சுற்றி வளைத்தபோது பலகைகள் நொறுங்கும் ஓசை நம் எலும்பில் கேட்டது.

டேவி ஜோன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நடிகர் பில் நை சாம்பல் நிற உடையும் முகத்தில் புள்ளிகளுமாகப் படப்பிடிப்புத் தளத்திலேயே மற்றவர்களோடு நின்று நடித்தார். அவருடைய அசைவுகளின் மேல்தான் கணினி அந்த ஆக்டோபஸ் முகத்தைப் போர்த்தியது. அந்தப் படத்துக்குக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. இத்தனை ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும் தாடியாகத் தொங்கும் அவனுடைய ஆக்டோபஸ் கைகள் ஆர்கன் கட்டைகளின்மேல் ஊர்ந்து வாசிக்கும்போது, கண்ணோரத்திலிருந்து ஒரு துளி இறங்குவதை நான் இமைக்காமல் பார்ப்பேன். காதலித்தவள் வரவில்லை என்பதற்காகத் தன் இதயத்தையே வெட்டியெடுத்துப் பெட்டியில் பூட்டி வைத்தவன் அவன். அவனுடைய கொடுமைக்குப் பின்னால் இருக்கும் வலியை நம் கண்முன் நடப்பதாகக் காட்டினார்கள்.

சலசாரை ஹவியர் பர்தெம் போன்ற பெரிய நடிகர் நடித்திருக்கிறார். நீருக்குள் மிதப்பதுபோல் எப்போதும் அலைந்துகொண்டே இருக்கும் அவனுடைய தலைமுடி மிக நல்ல கற்பனை. சாகும்போது எந்த நிலையில் இருந்தானோ அந்த நிலையிலேயே உறைந்துபோனவன் என்பதை அது ஒரு சொல்லும் இல்லாமல் உணர்த்துகிறது. அவன் கப்பலின் அடிப்பகுதி ஒரு தாடையைப் போல் திறந்து மற்றக் கப்பல்களைக் கவ்வுவதும் அச்சுறுத்தும் காட்சி. ஆனால் அவன் கதை முழுவதும் ஒரே முன்கதைக் காட்சியில், அவன் வாயாலேயே சொல்லப்பட்டு முடிந்துபோகிறது. கொள்ளையர்களால் தன் குடும்பத்துக்கு நேர்ந்ததை அவன் சொல்லக் கேட்கிறோம். கேட்ட செய்தியாகவே அது நின்றுவிடுகிறது. அதன் பிறகு அவனுக்கு ஜாக்கைத் துரத்துவதைத் தவிர வேலை இல்லை.

நான்காம் பாகமான 'ஆன் ஸ்ட்ரேஞ்சர் டைட்ஸ்' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2011இல் அது வந்தபோது வரிசையின் வீழ்ச்சி என்று பலரும் எழுதினார்கள். கோர் வெர்பின்ஸ்கிக்குப் பதிலாக ராப் மார்ஷல் இயக்கினார், வில்லும் எலிசபெத்தும் இல்லை, கதையின் பெரும்பகுதி காட்டில் நடக்கிறது. கடற்கொள்ளையர் படத்தில் இவ்வளவு காடு எதற்கு என்று நானும் சலித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் படம் தன் விதியைக் கடைசிவரை மதித்தது. இளமை ஊற்றின் நீரை இரண்டு கிண்ணங்களில் எடுக்க வேண்டும், ஒன்றில் கடற்கன்னியின் கண்ணீர் விழ வேண்டும், கண்ணீர் விழாத கிண்ணத்தைக் குடித்தவரின் ஆயுள் மற்றவருக்குப் போய்விடும். இறுதியில் எந்தக் கிண்ணத்தில் கண்ணீர் இருக்கிறது என்பதில் ஜாக் பொய் சொல்லி பிளாக்பியர்டை வீழ்த்துகிறான். விதியும் இருந்தது, ஜாக்கின் தந்திரமும் இருந்தது. முதல் நான்கு படங்களுக்கும் திரைக்கதை எழுதியவர்கள் டெட் எலியட், டெரி ராஸியோ என்ற அதே இருவர். ஐந்தாம் படத்துக்குத் திரைக்கதை ஜெஃப் நேதன்சனுடையது. கதையமைப்பில் ராஸியோவின் பெயரும் இருக்கிறது என்பதால் முழுப் பழியையும் புதியவர்மேல் போட நான் விரும்பவில்லை. ஆனாலும் கை மாறியது தெரிகிறது.

வசூலை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இரண்டாம் பாகமும் நான்காம் பாகமும் உலக அளவில் 100 கோடி டாலரைத் தாண்டின. ஐந்தாம் பாகம் ஏறக்குறைய 80 கோடி டாலரோடு நின்றது. நான்காம் பாகம் சேர்த்த பணத்தைப் பார்த்துவிட்டு அதுதான் முதல் பாகத்தைவிடச் சிறந்தது என்று இங்கே யாரும் சொல்ல மாட்டீர்கள்.

பதில்: விண்மீன்

ஐந்தாம் பாகத்தில் பார்போஸாவின் முடிவைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஜெஃப்ரி ரஷ் ஐந்து படங்களிலும் அந்தப் பாத்திரத்தைச் சுமந்திருக்கிறார். முதல் பாகத்தில் சாபத்தால் சுவையும் தொடுவுணர்வும் இழந்த பார்போஸா, சாபம் நீங்கினால் முதலில் உண்ண விரும்பியது ஒரு ஆப்பிள்; அவன் இறக்கும்போது கையிலிருந்து ஒரு பச்சை ஆப்பிள் உருண்டு விழுகிறது. இரண்டாம் பாகத்தின் கடைசிக் காட்சியில் படியிறங்கி வந்து ஆப்பிளைக் கடித்தபோது திரையரங்கே ஆர்ப்பரித்தது. வாழ்நாளெல்லாம் பொன்னுக்காகக் கொன்றவன், ஐந்தாம் பாகத்தில் தன் மகளைக் காப்பாற்ற உயிரைவிடுகிறான். நான் உனக்கு யார் என்று அந்த மகள் கரீனா கேட்கும்போது அவன் சொல்லும் ஒரே சொல் 'புதையல்'. நான் அங்கே அழுதேன், இப்போதும் அழுவேன்.

அந்தப் படத்தில் எனக்கு மனக்குறை வேறு இடத்தில். கடைசியில் எலிசபெத் மலைச்சரிவில் வில்லை நோக்கி ஓடி வருகிறாள். மூன்றாம் பாகத்தில் கொள்ளையர்களின் அரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, கப்பலின் விளிம்பில் ஏறி நின்று அத்தனை பேரையும் போருக்கு எழுப்பிய பெண் அவள். அவளுக்கு ஐந்தாம் பாகத்தில் பேச ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை.

பதில்: நங்கூரம்

'விண்மீன்' அவர்களின் பதிலைப் படித்துவிட்டு நேற்று இரவு அந்தக் கடைசி அரைமணி நேரத்தை மட்டும் மறுபடியும் பார்த்தேன். பிளந்த கடலின் சுவர்களுக்கு நடுவே, பிளாக் பேர்லிலிருந்து இறக்கிய நங்கூரத்தைப் பற்றிக்கொண்டு அவர்கள் மேலே ஏறுகிறார்கள். பார்போஸாவின் கையில் பச்சை குத்தியிருக்கும் விண்மீன் வடிவத்தைக் கரீனா பார்க்கிறாள். தந்தை விட்டுச்சென்றதாக அவள் பிறந்தது முதல் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த நாட்குறிப்பின் அட்டையிலும் அதே வடிவம்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னது சரி, அந்த இடத்தில் பழைய படங்களின் மூச்சு இருக்கிறது. முதல் முறை பார்த்தபோது சலிப்பில் அதைக் கவனிக்கத் தவறியிருக்கிறேன்.

ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்து, பிறகு தூக்கமே வரவில்லை. ஜாக் மதுக்கடையில் விட்ட திசைகாட்டி, சூனியக்காரி ஷான்ஸாவின் வழியாகப் பார்போஸாவின் கைக்குத்தான் வருகிறது. சலசாரை ஜாக்கிடம் அழைத்துப் போக அவன் அதைத்தான் பயன்படுத்துகிறான். அதாவது, உள்ளம் மிகவும் விரும்புவதைக் காட்டும் கருவி, தான் கைவிட்ட மகளைத் தேடாமலேயே நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு தகப்பனின் கையில் இருந்திருக்கிறது. பார்போஸா அந்தப் பெட்டியை ஒரே ஒரு முறை, கரீனா அருகில் நிற்கும்போது திறந்திருந்தால் போதும். ஜாக்கையோ படத்தில் எல்லோரும் தேடும் திரிசூலத்தையோ காட்ட வேண்டிய முள், மெல்ல நகர்ந்து, நாட்குறிப்பை அணைத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி நின்றிருக்கும். எலிசபெத்தின் முகத்தில் நாம் பார்த்த அதே திடுக்கிடல் அவன் முகத்தில் வந்திருக்கும், பச்சை குத்திய கையைக் காட்டுவதற்கு முன்பே நமக்கு எல்லாம் புரிந்திருக்கும்.